பழைய பித்தளை - 3 கிலோ 100 கிராம்

டிஸ்கி: பதிவு கொஞ்சம் நீளம். சர்ச் சமாச்சாரம்னு சாமி கும்பிடாதவங்க எஸ்கேப் ஆக வேண்டாம். இது சாமியைப் பத்தினது இல்லை, தடியைப் பத்தினது. :-)

பன்னெண்டு வயசுல செங்கோல் பிடிச்சவன் நான். சத்தியமா. எங்க பங்குக்கு உறுதிபூசுதல் கொடுக்க ஆயர் வந்தப்போ, பீடச்சிறுவர்கள்லயே கொஞ்சம் உயரமா இருந்ததால ஃபாதர் அந்த வேலையை எனக்குக் கொடுத்தார். தோளைச் சுத்தி ஒரு வெள்ளைத் துணி போடுவாங்க. அந்தத் துணியாலதான் கோலைப் பிடிக்கணும், வெறுங்கை படக்கூடாது. நான் வெச்சிருக்கும்போது மேல் வளைவு என் பக்கம் திரும்பியிருக்கணும், ஆயர் கைக்குப் போனதும் ஜனங்களைப் பார்க்கணும். நற்செய்தி வாசிக்கும்போது அவர் கையில, நற்கருணை மன்றாட்டு ஆரம்பிச்சா என் கையில. ரெண்டு மணி நேரம் வேர்த்து வழிய நின்னேன். அந்தப் போட்டோ இன்னும் எங்க வீட்டு ஷோகேஸ்ல இருக்கு.

பூசை முடிஞ்சு வெளிய வந்து பார்த்தா, டிரைவர் அண்ணன் கார் டிக்கியைத் திறந்து வெச்சுக்கிட்டு அந்தச் செங்கோலைத் திருகித் திருகி மூணு துண்டாக் கழட்டி ஒரு பெட்டிக்குள்ள அடுக்கிக்கிட்டு இருந்தார். எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. "என்னண்ணே, உடைச்சிட்டீங்களா?"ன்னு கேட்டேன். "இல்ல தம்பி, முழுசா வெச்சா டிக்கி மூடாதுல்ல"ன்னார். அன்னைக்குத்தான் செங்கோல் மேல எனக்கு இருந்த பயம் போச்சு.

பின்னாடி இதைப் பத்தி யோசிச்சப்போ ஒண்ணு உறுத்துச்சு. தமிழ்க் கத்தோலிக்கர்கள் பிஷப்பை 'ஆயர்'னு சொல்றோம். ஆயர்னா இடையர், மாடு ஆடு மேய்க்கிறவங்க. முல்லை நிலத்து ஆளுங்க. எவ்வளவு அழகான சொல்! ஆனா அவர் கையில இருக்கிற தடிக்கு மட்டும் 'செங்கோல்'னு பேர் வெச்சிட்டோம். அது ராஜா சாமான் இல்லையா? இடையன் கையில எங்கேர்ந்து செங்கோல் வரும்? அந்த மேல் வளைவு ஏன் இருக்குன்னு தெரியணும்னா வண்டலூர் தாண்டி உள்ளே போய், ரோட்டோரம் ஆடு மேய்க்கிற பெரியவர் யாரையாவது பாருங்க. கையில நீளமா ஒரு கம்பு, நுனியில ஒரு கொக்கி. தொரட்டி. கிளையை வளைச்சு இழுத்து ஆட்டுக்குத் தழை போடற சாமான். வெளிநாட்டு இடையன் அதே மாதிரி வளைஞ்ச கம்பால ஆட்டோட காலையே இழுத்துப் பிடிப்பான். ஆயர் பிடிக்கிறது அந்தக் கம்பைத்தான். நம்ம மொழிபெயர்ப்பு ஆசாமிகள் ஆளுக்குச் சரியான பேர் வெச்சிட்டு, தடிக்கு ஓவரா பிரமோஷன் கொடுத்துட்டாங்கன்றது என் கட்சி.

சரி, கதைக்கு வரேன்.

போன வருஷம் திருவிழாவுக்கு முன்னாடி, தாம்பரத்துக்குத் தெற்கே இருக்கிற ஒரு பங்குல (பேர் வேண்டாம், அங்கே எனக்கு இன்னும் கல்யாணம் ஆகணும்) பழைய பித்தளைச் சாமான்களைப் போட்டுட்டு புதுசு வாங்கறதுன்னு பங்குப் பேரவையில முடிவாச்சு. மெழுகுவர்த்தித் தண்டுகள், ஒடிஞ்ச தூபக்கலசம், ரெண்டு பூச்சாடி, அப்புறம் பவனியில முன்னாடி தூக்கிட்டுப் போற சிலுவைக் கோல். புதுசெல்லாம் தங்க முலாம், பளபளன்னு இருக்கும், புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். நியாயமாத்தான் பட்டுச்சு. "நீதான் கம்ப்யூட்டர் படிச்சவனாச்சே"ன்னு கணக்கு எழுதற வேலை என் தலையில விழுந்தது. நான் லேப்டாப்போட உட்கார்ந்து எக்ஸெல் ஷீட் போட்டேன். பொருள், எண்ணிக்கை, எடை, தொகை.

சிலுவைக் கோல் மொத்தமா 5 கிலோ 800 வந்தது. பழைய பித்தளை வாங்க வந்தவர் விரலால சுண்டிப் பார்த்துட்டு சிரிச்சார். "உள்ள மரம் இருக்கு தம்பி. மரத்துக்கு யாரு காசு கொடுப்பா?" கீழ்ப்பூணைத் தட்டிக் கழட்டினார், பித்தளைக் குழாயை உருவினார். உள்ளே கறுப்பா ஒரு கம்பு. அதைச் சுவத்துல சாய்ச்சுட்டு மறுபடி எடை போட்டார். நான் டைப் பண்ணினேன்: பழைய பித்தளை (உடைசல்), 1, 3.100.

அவ்வளவுதான். எனக்கு ஒண்ணும் தோணலை. அடுத்த வரிக்குப் போயிட்டேன்.

ரெண்டு மாசம் கழிச்சு, ஆபீஸ்ல ஆணி கம்மியா இருந்த ஒரு மத்தியானம், ஐரோப்பிய இடைக்காலத்துச் சர்ச் உலோக வேலைகளைப் பத்தி எதையோ படிக்கப் போய் அயர்லாந்துல மாட்டிக்கிட்டேன். லிஸ்மோர் செங்கோல்னு ஒண்ணு, இப்போ டப்ளின்ல தேசிய அருங்காட்சியகத்துல இருக்கு. 1100-ஐ ஒட்டிச் செஞ்சது. நியால்னு ஒரு ஆயருக்காக நெக்தன்னு ஒரு கைவினைஞர் செஞ்சதுன்னு அதுலயே பொறிச்சிருக்காங்க. ஆயர் பேரு மட்டும் இல்லை, ஆசாரி பேரும்! நம்ம ஊர்ல எத்தனை தேர்ல, எத்தனை உற்சவர்ல அதைச் செஞ்ச கை யாருதுன்னு தெரியும்? 1814-ல லிஸ்மோர் கோட்டையில அடைச்சுக் கட்டியிருந்த ஒரு வாசலை உடைச்சப்போ, ஒரு பழைய சுவடியோட சேர்ந்து இது கிடைச்சிருக்கு.

என்னை உலுக்கினது அது இல்லை. அந்த வெண்கலமும் பூவேலையும் கண்ணாடிக் குமிழும் எல்லாம் மேலுறைதான். உள்ளே இருக்கிறது மரக்கம்பு. ஐரிஷ்காரங்களோட அந்தக் காலத்துச் செங்கோல்கள்ல நிறைய இப்படித்தான். யாரோ ஒரு துறவி ஊர் ஊரா நடந்தப்போ ஊன்றின கம்பு இதுன்னு ஜனங்க நம்பினாங்க. அவர் போன பிறகு அந்தக் கம்பைத் தூக்கிப் போட மனசு வராம, உலோகத்தால சட்டை தைச்சு மாட்டினாங்க. உலோகம் அங்கே கம்புக்குக் காவல். 1966-ல லிஸ்மோர் கோலைப் பழுது பார்த்தப்போ வளைவுக்குள்ள திருப்பண்டங்களும் ஒரு துணுக்குத் துணியும் இருந்துச்சாம்.

அதைப் படிச்சதும் எனக்கு சுவத்துல சாய்ச்சு வெச்ச அந்தக் கறுப்புக் கம்பு ஞாபகம் வந்தது. வயித்தைப் பிசைஞ்சுது.

அதுக்கப்புறம் படிப்பு வெறியாயிடுச்சு. ஸ்காட்லாந்துல புனித ஃபில்லனோட கோல்னு ஒண்ணு. அங்கே வெள்ளி உறைக்குள்ள இன்னும் பழைய வெண்கல வளைவு ஒளிஞ்சிருக்கு, வெங்காயம் மாதிரி. அதைப் பரம்பரை பரம்பரையாக் காக்கிற குடும்பத்துக்குப் பேரே டூவர். கோல் காக்கும் பதவிப் பேரே குடும்பப் பேராயிடுச்சு. 1487-ல ராஜாவே அவங்க உரிமையை எழுதிக் கொடுத்திருக்கார். அப்புறம் காலம் கெட்டு, பிழைப்புக்காகக் கனடாவுக்குக் கப்பல் ஏறினப்போ கோலையும் கையோட எடுத்துக்கிட்டே போயிருக்காங்க. 1870-கள்ல அது எடின்பரோவுக்குத் திரும்பி வந்தது. சூட்கேஸ்ல ஊறுகாய் கொண்டு போற ஜாதி நாம, புரிஞ்சுக்கலாம்.

(ஸ்காட்லாந்துன்னதும் ஒரு கிளைக்கதை. அங்கே லூயிஸ் தீவுல 1831-ல 12-ஆம் நூற்றாண்டு செஸ் காய்கள் கிடைச்சது. அதுல பிஷப்பு கையில வளைஞ்ச கோலைப் பிடிச்சுக்கிட்டு ஜம்முனு இருப்பார். நாம அந்தக் காயை மந்திரின்னு சொல்றோம். இந்தியாவுல கிளம்பினப்போ அது யானை. யானை கப்பலேறிப் போய் ஆயராகி, மாமல்லபுரத்துல 2022 ஒலிம்பியாடுக்குத் திரும்பி வந்திருக்கு. என்னா டிராவல்!)

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். தாம்பரத்துல மின்சார ரயில் ஏறினா பல்லாவரம், திரிசூலம் தாண்டிப் பரங்கிமலை. மேலே ஏறினா கல்லுல செதுக்கின பழைய சிலுவை இருக்கு, சுத்திப் பஹ்லவி எழுத்து. 1547-ல போர்ச்சுகீசியர் தோண்டினப்போ கிடைச்சது. போர்ச்சுகீசியர் வர்றதுக்குப் பல நூற்றாண்டு முன்னாடியே இங்கே ஒரு சபை இருந்ததுக்கு அது சாட்சி. சரி, அந்தச் சபையில கிண்ணம் இருந்திருக்கும், விளக்கு இருந்திருக்கும், யாரோ ஒருத்தர் கையில ஒரு கோலும் இருந்திருக்கும். அதெல்லாம் எங்கே? கல்லு தப்பிச்சதுக்குக் காரணம் பக்தி மட்டும் இல்லைன்னு நினைக்கிறேன். கல்லை உருக்க முடியாது. பித்தளையும் வெள்ளியும் எப்பவும் அடுப்புக்குப் பக்கத்துலயே குடியிருக்கு.

உலோகத்துல தப்பிச்ச ஒண்ணு சொல்றேன். கொல்லத்துல தரிசாப்பள்ளிக்குக் கொடுத்த செப்பேடு, கி.பி. 849. வேணாட்டு ஐயனடிகள், சேர மன்னன் ஸ்தாணு ரவி காலத்துல கொடுத்தது. எழுத்து வட்டெழுத்து. சாட்சிக் கையெழுத்து அரபி, பஹ்லவி, எபிரேய எழுத்துகள்ல. இன்னைக்கும் கோட்டயத்துலயும் திருவல்லாவுலயும் சபைத் தலைமையிடங்கள்ல பத்திரமா இருக்கு. ஏன் யாரும் உருக்கலை? எழுதியிருந்தது. நிலம், ஆள், வரி, உரிமை எல்லாம் அதுல இருந்தது. உருக்கினா நஷ்டம்னு எல்லாருக்கும் தெரியும்.

எழுத்து இல்லாத கோலுக்கு என்ன ஆச்சுன்னும் கேளுங்க. 1502-ல வாஸ்கோ ட காமா ரெண்டாம் தடவை வந்தப்போ, கொடுங்கல்லூர்ப் பக்கத்துத் தோமா கிறிஸ்தவர்கள் போய் அவரைப் பார்த்து ஒரு கோலை ஒப்படைச்சாங்க. சிவப்புக் கம்பு, வெள்ளிப் பூண், மேலே மூணு சின்ன வெள்ளி மணி. எங்க பழைய அரசரோட கோல், இனி உங்க ராஜா எங்களைப் பார்த்துக்கணும்னு சொல்லிக் கொடுத்ததா போர்ச்சுகீசிய எழுத்துகள்ல இருக்கு. யோசிச்சுப் பாருங்க. பல தலைமுறையா நெஞ்சுல வெச்சிருந்த கோலை, பாதுகாப்பு வேணும்னு கப்பல்ல வந்த ஆளுகிட்ட கொடுத்திருக்காங்க. பதிலுக்கு என்ன கிடைச்சதுன்னு 1599 உதயம்பேரூர் சங்கத்துல தெரிஞ்சது. அவங்க வழிபாட்டு நூல்களையே திருத்து, கொளுத்துன்னு தீர்ப்பு. வாங்கினவன் எழுதி வெச்சதாலதான் அந்தக் கோல்ல மூணு மணி இருந்த விஷயமே நமக்குத் தெரியும்.

இதைப் படிச்சப்போ இன்னொரு கோல் ஞாபகம் வராம இருக்குமா? 1947 ஆகஸ்ட் 14 ராத்திரி, திருவாவடுதுறை ஆதீனத்துலேர்ந்து போன தம்பிரான் டில்லியில நேருகிட்ட கொடுத்த செங்கோல். செஞ்சது சென்னையில உம்மிடி பங்காரு செட்டி நகைக்கடை. ராஜரத்தினம் பிள்ளையோட நாகஸ்வரம். மேலே நந்தி, சுமார் அஞ்சடி உயரம். அப்புறம் அது அலகாபாத் அருங்காட்சியகத்துக்குப் போய் அங்கேயே கிடந்தது. 2023 மே 28-ல புது நாடாளுமன்றத்துல வெச்சப்போ நாடே ரெண்டாப் பிரிஞ்சு அடிச்சுக்கிச்சு. அது அதிகார மாற்றத்துக்கு அடையாளமா, இல்லை ஒரு மடம் கொடுத்த அன்பளிப்பான்னு. அருங்காட்சியக அட்டையில இருந்தது 'தங்கத் தடி'யா, 'தங்கக் கைத்தடி'யான்னு அதுக்கும் ஒரு தனிச் சண்டை. நான் அந்த அரசியலுக்குள்ள போகலை. என்னைத் தொந்தரவு பண்றது அந்த அட்டைதான். அதை எழுதின ஊழியர் கெட்டவரா இருந்திருக்க மாட்டார். பார்த்தார், தங்கமா இருந்தது, தடியா இருந்தது, எழுதினார். என்னை மாதிரியே. பொருள், எண்ணிக்கை, அடுத்த வரி.

பின்னூட்டத்துல என்ன வரும்னு தெரியும். 'ஏசு தச்சன் மகன், அவருக்கு எதுக்குய்யா பித்தளையும் வெள்ளியும், வித்து ஏழைக்குக் கொடு'. ரொம்பச் சரி. மிலான் ஆயர் அம்புரோஸ் நாலாம் நூற்றாண்டுலயே செஞ்சு காட்டியிருக்கார். போர்க்கைதிகளை மீட்க கோயில் பாத்திரங்களை உருக்கினார், எதிர்த்துக் கேட்டவங்களுக்கு நெத்தியடியா பதிலும் எழுதி வெச்சார். அதுக்கு நான் கை தட்டுவேன். அவர் என்னத்தை உருக்கறோம், எதுக்கு உருக்கறோம்னு தெரிஞ்சு செஞ்சார். நாங்க தேய்க்கிற வேலை மிச்சம்னு செஞ்சோம். வந்த காசும் ஏழைக்குப் போகலை, தங்க முலாமுக்குத்தான் போச்சு. இது கிறிஸ்தவங்க பிரச்சினை மட்டும்னும் நினைக்காதீங்க. உங்க ஊர் அம்மன் கோயில்ல, தர்காவுல, பஜனை மடத்துல, பழைய வெள்ளித் தடியை மாத்திப் புதுசு போட்ட கதை ஒண்ணாவது இருக்கும். எனக்கு இதுல கறாரான கருத்து உண்டு: ஒரு போட்டோ, நாலு பக்கமும் அளவு, தெரிஞ்ச ரெண்டு பெரியவங்ககிட்ட கேட்டு எழுதின அரைப் பக்கம். இது இல்லாம எந்தச் சபையும், எந்த டிரஸ்டும் பழசைத் தராசுல வைக்கக் கூடாது. மியூசியம் கட்டச் சொல்லலை. அரைப் பக்கம்தான் கேக்கறேன்.

போன வாரம் கோயில்பிள்ளை ஐயா வீட்டுக்குப் போனேன். எண்பது தாண்டினவர், இப்போ பையனோட முடிச்சூர்ல இருக்கார். கம்பை அன்னைக்கே அவர்தான் எடுத்துட்டுப் போனார்னு கேள்விப்பட்டேன். கதவுக்குப் பின்னாடி, விளக்குமாத்துக்குப் பக்கத்துல நின்னுச்சு.

"இது எந்த வருஷத்துது ஐயா?"

"அதெல்லாம் ரெஜிஸ்டர்ல இருந்துச்சு தம்பி. 2015 வெள்ளத்துல எல்லாம் ஊறிப் போச்சுல்ல, டிசம்பர்ல."

கொஞ்ச நேரம் கழிச்சு அவரே ஆரம்பிச்சார். கோயில் கீத்துக் கொட்டாயா இருந்த காலத்துல சிலுவை மரம்தானாம், பித்தளை கிடையாது. அவங்க அப்பா அதைத் தோள்ல சாய்ச்சுக்கிட்டு, தவக்காலத்துல பரங்கிமலைக்கு நடந்தே போவாராம், பின்னாடி நாப்பது அம்பது பேர். தண்டவாளத்தோரமாவே. இவர் சின்னப் பையன், தண்ணிச் சொம்பு தூக்கிட்டு ஓடுவாராம். பிறகு ஓட்டுக் கட்டடம் வந்ததும் பொம்பளைங்க எல்லாம் பேசி வெச்சுக்கிட்டு வீட்டுக்கொரு பித்தளைப் பாத்திரம் கொடுத்திருக்காங்க. ஒடுங்கின குடம், ஓட்டைச் செம்பு, விளிம்பு போன தட்டு. ஒரு பாட்டி, கொடுக்க வேற ஒண்ணும் இல்லாம, வெத்தலை இடிக்கிற உரலைக் கொடுத்துச்சாம். அதையெல்லாம் உருக்கித்தான் அந்தக் கம்புக்கு உறை.

"உங்க பாட்டி கூட ஏதோ கொடுத்துச்சு தம்பி. சொம்புன்னு நினைக்கிறேன்."

எனக்குப் பேச்சு வரலை. 3 கிலோ 100.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே ஐயா?"

"நீங்கள்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிட்டு இருந்தீங்க. சரி, எழுதறாங்களேன்னு விட்டுட்டேன்."

கம்பை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து பார்த்தேன். 5 அடி 1 அங்குலம். நெடுக உறை அடிச்ச ஆணி ஓட்டைகள். அடிமுனை தேஞ்சு ஒரு பக்கமாச் சரிஞ்சிருக்கு, தரையில ஊன்றி ஊன்றி. நடுவுல ஒரு முழ நீளத்துக்கு மட்டும் மரம் எண்ணெய் போட்ட மாதிரி வழவழன்னு இருக்கு. அந்த இடம் பூராவும் பித்தளைக்குள்ள இருந்த இடம். அப்போ அது பித்தளை போடறதுக்கு முன்னாடி பட்ட கை. நானும் பிடிச்சுப் பார்த்தேன், துணி இல்லாம. எதிர் வீட்டு ஆசாரி வந்து நகத்தால கீறிப் பார்த்துட்டுப் பூவரசுன்னார்.

போட்டோ எடுத்துக்கிட்டேன், பன்னெண்டு. ஐயா பேசினதை போன்ல பதிஞ்சுக்கிட்டேன். ராத்திரி வீட்டுக்கு வந்து அந்த எக்ஸெல் ஷீட்டைத் திறந்து, அந்த வரியை அழிக்காம பக்கத்துல ஒரு புதுக் கட்டம் போட்டு எழுதினேன்: 'பவனிச் சிலுவைக் கோல். உள்ளே பூவரசங்கம்பு, 5 அடி 1 அங்குலம், இப்போது முடிச்சூரில். உறை பங்குப் பெண்கள் கொடுத்த பாத்திரங்கள். எடை போட்டு எழுதியது நான்.'

ஃபாதர்கிட்ட இன்னும் சொல்லலை. ஞாயித்துக்கிழமை ரெண்டாம் பூசைக்கு அப்புறம் கம்பையும் எடுத்துக்கிட்டுப் போகலாம்னு இருக்கேன், பைக்ல எப்படி வெச்சுக் கட்டறதுன்னுதான் தெரியலை.